சக்கரச் சாயபு

அவரை முதன்முதலில் பார்த்தபோது, மில்லில் நூலைக் கழிகளாகச் சுற்றும் ரீலிங் கூடத்தின் நடுவில் குப்புறப் படுத்துக் கிடந்தார். யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்துக் கையிலிருந்த நூல்கழியைப் போட்டுவிட்டு ஓடினேன். கிட்டப் போய்ப் பார்த்தால், ஆள் தெளிவாகத்தான் இருந்தார். கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் கல் பாவிய தரையின் நீளத்தை நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். குறுந்தாடி முழுக்கப் பஞ்சுத் தூசி.

“பாய், தண்ணி கொண்டாரவா?” என்றேன்.

“தள்ளி நில்லு புள்ள. வெளிச்சத்த மறைக்கிற. தரை பாத்துக்கிட்டு இருக்கேன்.”

எழுந்து உட்கார்ந்தவர், சட்டைப் பையிலிருந்து கோலிக்குண்டு அளவில் ஓர் இரும்புக் குண்டை எடுத்துத் தரையில் வைத்தார். கொஞ்ச நேரம் அது அசையாமல் இருந்தது. அப்புறம் மெதுவாகத் தெற்குப் பக்கம் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

“பாத்தியா? இம்புட்டு நாளா சமதரை, சமதரைன்னுக்கிட்டு இருந்தானுக. தரை தெக்க சாஞ்சு கெடக்கு. சக்கரத்தக் குத்தம் சொல்லி என்ன செய்ய?”

அப்போது நான் மில்லுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவனியாபுரத்தில் எங்கள் கிணறு வற்றிப்போன வருஷம் அது. மாமனார் வீட்டு வயலில் வேலையில்லாமல் போக, காலைச் சங்கு ஊதுமுன் நடந்தே வந்து சேர்பவர்களில் நானும் ஒருத்தி ஆனேன். நூற்புக் கூடத்தில் நூல் சுற்றிய கட்டைகள் நிறைந்ததும், அவற்றை மரப்பெட்டி வண்டியில் ஏற்றி, ஒரு சரிவு வழியாக இறக்கி, எங்கள் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் நாலு சின்னச் சக்கரங்கள். பின்னால் இருப்பவை இரண்டும் நேராக மட்டும் ஓடும். முன்னால் இருப்பவை இரண்டும் எந்தப் பக்கமும் திரும்பும். ஆபீஸில் அதற்குக் காஸ்டர் என்று பெயர். நாங்கள் குட்டிச் சக்கரம் என்போம்.

அந்த இருபத்திநாலு வண்டிகளின் குட்டிச் சக்கரங்களும் அவர் பொறுப்பு. ஆஜர் புத்தகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் சக்கரச் சாயபு. நேரில் பேசும்போது பாய். காஜிமார் தெருப் பக்கம் வீடு. கை தேர்ந்த ஃபிட்டர். எஞ்சின் அறைக்கே போயிருக்கலாம். அங்கே போனால் கௌரவம், காற்றோட்டம், மில்லை நடத்தும் வெள்ளைக்காரத் துரையே வந்து பேசுவார். இவர் சக்கரத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். ஒருமுறை நானே காரணம் கேட்டேன்.

“எஞ்சின் நின்னா துரை ஓடி வருவாரு. சக்கரம் நின்னா ஒரு பொம்பளைக்கு இடுப்பு ஒடியும். ஒருத்தனும் வர மாட்டான். நானாச்சும் வரணும்ல?”

இதை அவர் தணிந்த குரலில் சொல்லவில்லை. அவருக்குத் தணிந்த குரலே கிடையாது. நூற்புக் கதிர்கள் ஓடும் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி பேசிப் பழகியவர், வெளியில் வந்தாலும் அதே குரல்தான். பேச்சிலும் ‘இருக்கலாம்’, ‘தெரியலை’ என்பதெல்லாம் அபூர்வம். தள்ளிப் பார்த்திருந்தால் முடிவாகச் சொல்வார். தள்ளிப் பார்க்கவில்லை என்றால், “தள்ளிப் பாத்துட்டு வாரேன்” என்பார். இரண்டுக்கும் நடுவில் அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை.

நான் சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் வழியில் என் வண்டியை மறித்தார்.

“இந்த வண்டி எங்கிட்டு இழுக்குது?”

அந்த மில்லில் எந்த ஆணும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சொல்வார்கள், திட்டுவார்கள். கேட்கமாட்டார்கள்.

“நல்லாத்தான் போகுது பாய்.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “நல்லாத்தான் போகுதா? உன் வலது தோளு இறங்கிக் கெடக்கு. வண்டி இடது பக்கம் ஓடுது, நீ வலது பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வாரே. எம்புட்டு நாளா இப்பிடி?”

“வந்த நாள்லருந்து.”

“வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?”

“யாரு கேட்டா?” என்றேன். எனக்கும் கோபம் வந்திருந்தது.

தாடியைச் சொறிந்தார். “சரிதான். நான் கேட்டுருக்கணும். இப்பக் கேக்குறேன், சொல்லு.”

வண்டியைக் கவிழ்த்து, வளைந்த ஒரு சிறு கத்தியால் முன்சக்கரத்தின் அச்சைக் கிளறினார். எலிக்குஞ்சு அளவுக்கு ஒரு நூல் பந்து வந்தது. அதை விரலில் பிரித்துப் பார்த்து, “இது நூற்புக் கூடத்து மெல்லிசு நூலு. இது நீங்க உதறிவிட்ட கழி. இந்த முரட்டு நூலு நம்ம பக்கமே இல்லையே, யாரோ வண்டிய கோடவுனுக்குக் கொண்டு போயிருக்கான்” என்றார். சக்கரத்தை நிறுத்துவது நூல்தான், எடை இல்லை என்பது அவர் கட்சி. எண்ணெய் விடும்போதும் ஒரு சொட்டு எண்ணி விடுவார். கூட விட்டால் பஞ்சு ஒட்டி, அது களியாகி, அந்தக் களியே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அதற்கப்புறம் திங்கட்கிழமைதோறும் வண்டி தள்ளும் ஒவ்வொருத்தியிடமும் வந்து நிற்பார். “என்ன சேதி?” என்று ஒரே கேள்வி. முதலில் சிரித்தோம். பிறகு ஞாயிற்றுக்கிழமையே எதைச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தோம்.

யுத்தத்துக்கு முந்தி, மதராஸிலிருந்து ஓர் ஏஜெண்டு புது ரப்பர்ச் சக்கரங்கள் கொண்டுவந்தார். கோட்டு, டை, பளபளக்கும் பூட்ஸ். ஆபீஸ் வராந்தாவில் வெறும் வண்டிக்கு அவற்றை மாட்டி, ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். துரை தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற குமாஸ்தா அதைவிட வேகமாக ஆட்டினார். துரை சொல்வதைத் தமிழிலும், நாங்கள் சொல்வதை இங்கிலீஷிலும் சொல்வது அந்தக் குமாஸ்தாவின் வேலை.

“வராந்தாவுல நாங்க வண்டி ஓட்டுறதில்லன்னு துரைகிட்டச் சொல்லுங்க” என்றார் சாயபு. “வெறும் வண்டியும் ஓட்டுறதில்ல.”

குமாஸ்தா ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார்.

“நான் சொன்னது அம்புட்டு நீளம். நீங்க சொன்னது இம்புட்டுண்டு இருக்கே? முழுசாச் சொல்லுங்கண்ணே.”

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியில் கட்டைகளை நிரப்பி, சரிவு தாண்டி எங்கள் கூடத்து வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். அந்த வாசலில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல் நிலைப்படி. “இப்ப நீங்களே தள்ளுங்க” என்று சாயபு ஏஜெண்டிடம் கைப்பிடியைக் கொடுத்துவிட்டார். அவர் தள்ளினார். சக்கரம் நிலைப்படியில் முட்டி நின்றது. பின்னால் போய் ஓடிவந்து தள்ளினார். கட்டைகள் குலுங்கிப் பாதி தரையில் கொட்டின. நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

“ரப்பர் நல்ல ரப்பர்தான். அளவு சிறுசு. இதுக்கு ஒண்ணரை மடங்கு உசரத்துல சக்கரம் இருந்தாக் கொண்டாங்க, படிய ஏறிப் போயிரும். இன்னும் கெட்டியான ரப்பரா வேணும். இது லீவு நாள்ல பாரத்தோட ஒரே இடத்துல நின்னா, மறுநாள் ஒரு பக்கம் சப்பையாயிரும்.”

ஏஜெண்டு கோபிக்கவில்லை. அதையெல்லாம் எழுதிக்கொண்டு போய், ஒரு மாதத்தில் சொன்ன அளவில் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ரப்பர்ச் சக்கரங்கள் வந்த பிறகுதான் எனக்குத் தோள்வலி நின்றது.

யுத்தம் வந்ததும் ரப்பர் வரத்து நின்றுபோனது. தேய்ந்த சக்கரங்களுக்கு மாற்று இல்லை. இரும்புச் சக்கரம் போட்டுப் பார்த்தார்கள். தரைக்கல் பெயர்ந்தது. இரைச்சலில் காது அடைத்தது. சாயபு ஒரு வாரம் பட்டறையைவிட்டு வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஒரு புதுமாதிரிச் சக்கரம். யந்திரங்களை ஓட்டும் தோல் பெல்ட்டுகள் அறுந்தால் ஒரு மூலையில் குவித்துவைத்திருப்பார்கள். அந்தத் தோலை வட்ட வட்டமாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து நெருக்கி முடுக்கியிருந்தார்.

தள்ளிப் பார்த்தேன். சத்தமே இல்லை. ரப்பரைவிட லேசாக ஓடியது.

“எப்பிடி?” என்றார். நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார்: “இதக் கழட்டணும்னா இனி என் பேரன்தான் வந்து கழட்டணும்.”

கோடை முழுக்க அந்தச் சக்கரங்கள் அப்படித்தான் ஓடின. தலைமை ஃபிட்டர் வேலை காலியாக இருந்தது. அது சாயபுவுக்குத்தான் என்று ஆபீஸிலேயே பேச்சு அடிபட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வைகையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போன வாரம். சரிவுக்கு மேலிருந்த தகரம் ஒழுகி, வழி நெடுக ஈரம். எனக்கு நாலு எட்டு முன்னால் பேச்சி வண்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். வண்டியூரிலிருந்து வருபவள், என்னைவிட இரண்டு வயது இளையவள். சரிவில் வண்டியைத் தள்ளக்கூடாது. பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தபடி இறங்கவேண்டும். அவள் அப்படித்தான் பிடித்திருந்தாள். பாதிச் சரிவில் வண்டியின் முன்பக்கம் சட்டென்று நின்றது. பின்பக்கம் பம்பரம் மாதிரி சுழன்று அவளைச் சுவரோடு வைத்து அடித்தது. பின்சக்கரம் அவள் பாதத்தின்மேல் ஏறி நின்றது. அந்த அலறல் யந்திர இரைச்சலை மீறிக் கேட்டது.

நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி அவளை எடுத்தோம். ஆஸ்பத்திரிக்கு ஜட்கா போன கையோடு எங்கள் கூடத்து மேஸ்திரி ஆபீஸில் எழுதிக்கொடுத்துவிட்டார்: பேசிக்கொண்டே வந்தாள், பிடியை விட்டுவிட்டாள். அப்படி எழுதினால் வேலை போய்விடும்.

“இல்லண்ணே, அவ கைய விடல. நான் பாத்தேன்” என்றேன்.

“நீயுந்தான் அவகூடப் பேசிக்கிட்டு வந்தே. உன் பேரையும் எழுதவா?” என்றார் மேஸ்திரி.

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அன்று சாயபு தோல் பார்க்கத் திண்டுக்கல் போயிருந்தார். மறுநாள் காலை நேராக என்னிடம் வந்தார். “என்ன நடந்துச்சு?”

நான் மேஸ்திரியைப் பார்த்தேன்.

“நான் உன்னக் கேக்குறேன் புள்ள. அங்கிட்டு என்ன பாக்குற?”

“அவ கைய விடல பாய். முன்சக்கரம் சுத்தவே இல்ல. அப்பிடியே பிடிச்சு நின்னுருச்சு.”

அந்த வண்டியையே எடுத்து, அதே அளவு பாரம் ஏற்றி, தானே சரிவில் இறக்கினார். சக்கரங்கள் வெண்ணெயாக ஓடின. மூன்று தடவை இறக்கினார். மூன்று தடவையும் ஓடின.

“பாத்தீகளா பாய்?” என்றார் மேஸ்திரி. “உங்க சக்கரத்துமேல ஒரு பழுதும் இல்ல.”

அத்தோடு அவர் போயிருக்கலாம். எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும். அவர் குனிந்து, முன்சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தார். “நேத்து இது நனைஞ்சிருந்துச்சா?” என்று என்னைக் கேட்டார். “மேல தகரம் ஒழுகுதுல்ல பாய்” என்றேன். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சக்கரத்தை அதில் அமிழ்த்தி, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். மேஸ்திரி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுபடி இறக்கியபோது பாதிச் சரிவில் வண்டி நின்றது. சுழன்றது. தன் உடம்பைக் கொடுத்து அதைத் தாங்கி நிறுத்தினார்.

சக்கரத்தைக் கழற்றிப் பிரித்தார். தோல் வட்டங்கள் தண்ணீர் குடித்து உப்பி, இருபக்கமும் பிடித்திருந்த இரும்புக் காதுகளை முட்டிக்கொண்டிருந்தன. “காதுக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு நூல் இடம், அரைக்கால் அங்குலம், விட்டேன்” என்றார் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. “மூணு நூல் விட்டுருக்கணும். தண்ணியில ஊறப்போட்டுப் பாத்துருக்கணும். கோடையில மட்டும் பாத்தேன்.”

மேஸ்திரி அவரை ஓரமாக இழுத்தார். “பாய், நமக்குள்ள இருக்கட்டும். நாளைக்குத் தலைமை ஃபிட்டர் உத்தரவு வருது. இத இப்ப எதுக்குக் கிளறணும்? அவ பொம்பளை, வேற எங்கயாச்சும் பொழைச்சுக்கிருவா.”

“வாங்க, ரெண்டு பேருமா துரைகிட்டப் போவோம்” என்றார் சாயபு. என்னையும் வரச்சொன்னார்.

ஆபீஸ் மேஜையில் அந்த உப்பிய சக்கரத்தை வைத்தார். கண்ணாடித் தட்டில் ஈரம் பரவியது.

“அந்தப் புள்ள பிடிய விடல. சக்கரம் பிடிச்சுக்கிருச்சு. சக்கரத்தச் செஞ்சவன் நான். தப்பு என்னோடது. மேஸ்திரி எழுதுனது தப்பு, அதக் கிழிச்சுப் போடணும்.” குமாஸ்தா பக்கம் திரும்பினார். “முழுசாச் சொல்லுங்கண்ணே. ஒரு வார்த்தை விடக்கூடாது.”

குமாஸ்தா முழுதாகச் சொன்னார். துரை சக்கரத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனாலும் சொன்னேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

பேச்சிக்கு வேலை போகவில்லை. கால் குணமானதும் வரலாம் என்று உத்தரவானது. தலைமை ஃபிட்டர் வேலை வெளியிலிருந்து வந்த வேறொருவருக்குப் போனது. சாயபு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதைத்தான் பேசினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் நடுவில் வந்து நின்று, “என் சக்கரந்தான் அவ கால ஒடிச்சது. வேற யாரும் வேற மாதிரி சொன்னா நம்பாதீக” என்றார். பேரன்தான் கழட்டுவான் என்று சொன்னாரே, அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்தக் குரலை அகம்பாவம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்குத்தான் அப்படி இல்லை என்று தெரிந்தது.

அன்றே எல்லா வண்டிகளிலும் தோல் சக்கரங்களைக் கழற்றிவிட்டார். மூன்று வாரம் நாங்கள் கூடையில் வைத்துத் தலைச்சுமையாகக் கட்டைகளைச் சுமந்தோம். கழுத்து வலியில் அவரைத் திட்டவும் செய்தோம். பிறகு இரும்புச் சக்கரம் வந்தது. காதைப் பொத்திக்கொண்டு தள்ளினோம். இடையில் இரண்டு முறை அவர் வண்டியூருக்குப் போய்ப் பேச்சியைப் பார்க்க நின்றிருக்கிறார். அவளுடைய மாமியார் உள்ளே விடவில்லை. வாசலில் பழம் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

தை பிறந்த பிறகு பேச்சி வந்தாள். வலது பாதம் உள்நோக்கி மடங்கியிருந்தது. சாய்ந்து சாய்ந்து நடந்தாள். உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருந்தார்கள். சாயபு இருக்கும் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஒருநாள் அவர் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினார். கருவேலங் கட்டையில் கடைந்த சக்கரங்கள். விளக்கெண்ணெயில் நாள்கணக்கில் ஊறவைத்து, பிறகு தண்ணீரிலும் ஊறப்போட்டுப் பார்த்தவை. பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் ஒரு மிதிகட்டை. அதை மிதித்தால் ஒரு மரத்துண்டு சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும்.

“நீ சரின்னு சொல்லாம ஒரு வண்டியும் வெளிய போகாது. துரைகிட்டச் சொல்லிட்டேன். தள்ளிப் பாரு” என்றார்.

கூடம் முழுக்க எங்களைப் பார்த்தது. பேச்சி எழுந்தாள். நாலு எட்டுத் தள்ளினாள்.

“வேணாம்.”

“என்ன?”

“இழுக்குது.”

வண்டியைத் திருப்பிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். ஐந்தாறு நாள் கழித்துத் திரும்பவும் கொண்டுவந்தார். இந்த முறை அவள் மிதிகட்டையை மிதித்துப் பார்த்தாள். “ரெண்டு காலும் நல்லா இருக்கவளுக்குச் செஞ்சிருக்கீக. எனக்கு இது அழுந்தல.”

அவர் தலையை ஆட்டினார். “சரி. தள்ளிப் பாக்கத் தெரிஞ்ச எனக்கு இது தெரியல” என்று சொல்லி, அதையும் கொண்டுபோனார்.

மூன்றாம் முறை கொண்டுவந்தபோது மிதிகட்டை நீளமாக, தாழ்வாக இருந்தது. பேச்சி அதைத் தொட்டுப் பார்த்தாள். பாரம் ஏற்றச் சொன்னாள். சரிவின் உச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். அடிபட்ட பிறகு அன்றுதான் அவள் அந்தச் சரிவுக்கு வருகிறாள்.

“பாய், நீங்க கீழ போய் நில்லுங்க” என்றாள்.

“எங்க?”

“வண்டிக்கு நேரா.”

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாயபு அதற்குள் இறங்கிவிட்டார். சரிவின் அடியில், வழிக்கு நடுவில், இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். வண்டி நிறையக் கட்டை. தவறினால் இரண்டு முழங்காலும் போய்விடும். நான் சுவரோரம் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பேச்சி வண்டியை இறக்கினாள். பாதி வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தவள், அங்கிருந்து கைப்பிடியை விடாமல், இழுத்துப் பிடிப்பதை மட்டும் நிறுத்தி, அதன் போக்கில் ஓடவிட்டாள். வண்டி வேகம் எடுத்தது. அவர் கண்ணை மூடவில்லை. சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று முழம் இருக்கும்போது அவள் மடங்கிய அந்தக் காலாலேயே மிதிகட்டையை மிதித்தாள். மரம் மரத்தைக் கவ்வும் சத்தம் கேட்டது. வண்டி அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பேச்சி கைப்பிடியை விட்டு இரண்டு கைகளையும் எடுத்தாள். வண்டி நகரவில்லை.

அவளுக்கு மூச்சு வாங்கியது. அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

“இது ஆகும்” என்றாள் பேச்சி.

அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பட்டறைப் பக்கம் திரும்பி, அந்தப் பெரிய குரலில், “ரெண்டாவது வண்டியக் கொண்டாங்கடா!” என்றார்.

அன்றைக்குச் சங்கு ஊதும்வரை, அதே சக்கரமும் மிதிகட்டையும் மாட்டிப் பட்டறையில் தயாராக நின்ற மிச்சம் இருபத்திமூன்று வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேச்சி கையால் அந்தச் சரிவில் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் நின்றார். இரண்டு வண்டிகள் ஒரு சாணுக்கும் கிட்டத்தில் வந்து நின்றன. அவற்றைப் பேச்சி பரவாயில்லை என்றாள். அவர்தான் வேண்டாம் என்று சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு, தானே பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.